படத்துக்குப் பின்னால் பேர் எழுதுங்கள்

(தோட்டக் குடும்பங்களின் யாழ்ப்பாணச் சுற்றுலாவின்போது, தங்குமடத்து மண்டபத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. பயணத்தில் சேர முடியாமற் போன குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



குளிர் மலையில் இருந்து வந்த உங்களுக்கு இந்த ஊர் வெக்கை பெரிய பாடுதான். நல்லூர் பார்த்தோம், கோட்டை பார்த்தோம், பொதுநூலகம் பார்த்தோம். நாளைக்கு நயினாதீவு. ஆகவே நெடுநேரம் பேச மாட்டேன்.

நூலக வாசலில் நீங்கள் எல்லோரும் கைபேசியில் படம் எடுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் இன்றைக்குப் படங்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். நான் பிறந்தது இந்த யாழ்ப்பாண மண்ணில். உழைப்பது உங்கள் மலையில். இரண்டு இடத்திலும் எனக்கு ஒரே பைத்தியம், பழைய புகைப்படம். எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். லயன் காம்பராவுக்குள் வந்தாலும் அப்படித்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள் தோட்டத்தில் ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் சேர், பழைய படத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, அது சோறு போடுமா?" நியாயமான கேள்வி. சோறு போடாதுதான். ஆனால் அது வேறு சில வேலைகளைச் செய்யும். அதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

முதலில் பழைய படத்தை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன். நாங்கள் சாதாரணமாக நடுவில் இருக்கிற முகத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். முகத்தைப் பார்த்த பிறகு காலைப் பாருங்கள். செருப்பு இருக்கா, இல்லையா? பிறகு கையைப் பாருங்கள், பிறகு படத்தின் ஓரத்தைப் பாருங்கள், பின்னால் என்ன இருக்கு என்று பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய படங்களில் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கிற கிணறு இருக்கும், கிடுகு வேலி இருக்கும், மாட்டு வண்டி இருக்கும். இன்றைக்கு நீங்கள் வாகனத்தில் வந்த வழியில் துலாக் கிணறு எத்தனை கண்டீர்கள்? மதிலும் மோட்டரும்தான் கண்டிருப்பீர்கள். மலைநாட்டுப் பழைய படங்களில் தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கும் பிரம்புக் கூடை, இடுப்பில் சுற்றிய படங்கு, தோளில் கறுப்புக் கம்பளி, ஓரத்தில் கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி. இதை யாரும் வேண்டுமென்று எழுதி வைக்கவில்லை. படம் தன்பாட்டில் வைத்திருக்கிறது.

பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள், "அந்தக் காலத்து ஆக்கள் ஏன் சிரிக்கவே இல்லை?" என்று. 1839 ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் புகைப்பட முறையை உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்தத் தொடக்க காலத்தில் ஒரு படம் எடுக்க நெடுநேரம் அசையாமல் இருக்க வேணும். அவ்வளவு நேரம் சிரிப்பை முகத்தில் பிடித்து வைத்திருக்க முடியுமா? நீங்களே செய்து பாருங்கள், கன்னம் வலிக்கும். அதோடு ஸ்டூடியோவுக்குப் போவது என்பது ஆயுளில் ஒரு தரம், இரண்டு தரம் நடக்கிற காரியம். கோயிலுக்குப் போவது போலத்தான் போனார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் கிரியையில் ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். அதைக் 'கல்வெட்டு' என்று சொல்வோம். கல்லில் வெட்டியது இல்லை, கடதாசிதான். முன்பக்கத்தில் காலமானவரின் படம். கீழே பேர், பிறந்த நாள், இறந்த நாள், ஊர். உள்ளே தேவாரம், அவரைப் பற்றிய பாட்டு. கடைசியில் வம்சாவளி: தகப்பன் யார், தாய் யார், யாரைக் கலியாணம் செய்தார், பிள்ளைகள் யார், பேரப்பிள்ளைகள் யார். ஊர் இடம்பெயர்ந்து, வீடு உடைந்து, காணி உறுதி தொலைந்து போன பிறகும், எங்கோ ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பெட்டியில் கிடந்த கல்வெட்டை வைத்துக் குடும்பத்தின் கதையைத் திரும்பக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். படமும் பேரும் ஒன்றாக இருந்ததால்தான் அது முடிந்தது.

இனி உங்கள் பக்கத்தைப் பார்ப்போம். இலங்கையில் ஆகக் கூடுதலாகப் படம் எடுக்கப்பட்ட மக்கள் யார் என்று கேட்டால், உங்கள் பாட்டி, பூட்டிமாரைத்தான் சொல்லத் தோன்றும். 1890 ஆம் ஆண்டு கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனமும் மற்ற ஸ்டூடியோக்காரர்களும் கொழுந்து பறிக்கிற பெண்களைப் படம் எடுத்துத் தபால் அட்டையாக அச்சடித்து உலகமெல்லாம் விற்றார்கள். தேயிலைப் பெட்டியில், விளம்பரத்தில், கலண்டரில் எல்லாம் அந்த முகங்கள்தான். அட்டையில் என்ன எழுதியிருக்கும்? 'தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்', 'கொழுந்துக்காரிகள்', அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குப் பேர் இல்லையா? இருந்தது. அவளைக் கூப்பிட அம்மா ஒரு பேர் வைத்திருப்பாள். படம் எடுத்தவர் கேட்கவில்லை, எழுதவில்லை.

பொகவந்தலாவை ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் புனித மரியாள் தேவாலயத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் கல்லறை இருக்கிறது. பேர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாவது வயதில்தான் கமராவைக் கையில் எடுத்தார். இங்கிலாந்தின் பெரிய கவிஞர்கள், விஞ்ஞானிகள் எல்லாரையும் படம் பிடித்து உலகப் புகழ் பெற்றவர். கணவருக்கு இலங்கையில் தோட்டங்கள் இருந்தபடியால் 1875 இல் இங்கே வந்தார். களுத்துறையில் இருந்தபோது அங்கிருந்த உழைப்பாளி மக்களைப் படம் எடுத்தார். அவர்களுள் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களும் இருந்தார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார்.

அவர் இலங்கையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவைதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் பொன்னைப் போலப் பாதுகாக்கின்றன. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் பேர் இருக்கிறது. இலங்கைப் படம் ஒன்றின் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர்கள் சிலர்' என்ற மாதிரி இருக்கிறது. எடுத்தவர் ஒருவர்தான், கமராவும் ஒருவருடையதுதான். ஒரு நாட்டில் எடுத்த முகத்துக்குப் பேர், மறு நாட்டில் எடுத்த முகத்துக்கு ஊர் மட்டும்.

லூல்கந்துரையில் 1867 இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பேர் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவரோடு நின்று காடு வெட்டிக் குழி தோண்டியவர்களின் பேரைப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

இதைக் கேட்டு, யாழ்ப்பாணத்தில் எல்லாருடைய பேரையும் எழுதி வைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயும் பனை ஏறியவர், துலா மிதித்தவர், புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர் பேர் இல்லாமல்தான் படத்தில் நிற்கிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேணும். இங்கத்தைய வீடுகளில் பழைய குடும்பப் படங்களைப் பார்க்கிறபோது சில படங்களில் ஓரத்தில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஒன்று நிற்கும். "இது ஆர்?" என்று கேட்பேன். "அது வீட்டு வேலைக்கு நிண்ட பிள்ளை, மலைநாட்டுப் பக்கம்" என்பார்கள். பேர் கேட்டால் யோசிப்பார்கள். சிலருக்கு ஞாபகம் வரும், சிலருக்கு வராது. அந்த வீட்டுக் கல்வெட்டில் எல்லாருடைய பேரும் இருக்கும், அவள் பேர் இருக்காது. அவள் யாருடைய பிள்ளை? உங்களில் ஒருவருடைய அக்காவாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். இந்த ஊர்க்காரன் நான் இதை மறைத்துப் பேசினால் இந்தப் பேச்சுக்கு அர்த்தம் இல்லை.

அடுத்து ஒரு திகதியைச் சொல்கிறேன், பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் 30.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதிதான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் இருந்த உங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கமும் கணக்குப் போட்டன. பிறகு கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். அந்தக் கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வந்ததை உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி இந்த யாழ்ப்பாண நகரத்தில் இருந்த முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டையும் கடையையும் விட்டுவிட்டுக் கையில் கொண்டுபோகக் கூடியது ஏதும் இல்லாமல் போனார்கள்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, இராணுவம் முன்னேறி வருகிறது என்று வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பியது. இலட்சக்கணக்கான சனம், மழை, ஒரே தெரு. அப்போது நான் பள்ளிக்கூடப் பெடியன். அந்தக் கூட்டத்தில் சனம் என்னென்ன தூக்கிக்கொண்டு போனது என்று பார்த்திருக்கிறேன். அரிசி, பாய், சைக்கிள், உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ். சிலர் சுவரில் இருந்த கல்யாணப் படத்தைச் சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு போனார்கள். கனபேர் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது, சில வீட்டில் சுவரும் இல்லை.

மூன்று ஒக்டோபர் 30. மூன்று விதமான சனம். யார் துரத்தினது என்பதும் வேறு வேறு. ஆனால் மூன்று தரமும் அவசரத்தில் முதலில் கைவிடப்பட்டது படம்தான். உங்கள் மலையில் துரத்துவதற்கு ஆள் வேண்டியதில்லை, மழையே போதும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆள் போனதோடு அந்த ஆளின் முகமும் சேர்ந்து மண்ணுக்குள் போய்விட்டது.

இன்றைக்கு நாங்கள் பார்த்த நூலகமும் அப்படித்தான். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. இப்போது வெள்ளையாக அழகாக நிற்கிறது. எரிந்த சுவரின் படங்கள் இல்லாவிட்டால், உங்கள் பிள்ளைகளுக்கு இங்கே நடந்ததை நம்ப வைப்பது கஷ்டம். எரிந்துபோன ஒன்றுக்குச் சாட்சியாக ஒரு படம் நிற்கிறது.

போர்க்காலத்தில் படம் ஆபத்தாகவும் இருந்தது. வீட்டில் ஒரு படம் அகப்பட்டால் கேள்வி வரும் என்று பயந்து, பெற்ற தாயே மகனின் படத்தை அடுப்பில் போட்டதும் உண்டு, போத்தலில் அடைத்து மண்ணில் புதைத்ததும் உண்டு. பிறகு அந்த மகன் காணாமற் போனால்? 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கினார்கள். தாய்மார் கையில் இருந்தது பிள்ளையின் படம்தான். சிலருக்கு அதுவும் இல்லை. அடையாள அட்டையில் இருந்த முத்திரை அளவுப் படத்தைப் பெரிதாக்கிப் பிடித்திருந்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் கனக்க. ஆகவே அந்தத் தாய்மாரில் உங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். படம் சோறு போடுமா என்று கேட்ட அம்மாவுக்கு என் பதில் இதுதான்: ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்காக வாயைத் திறக்கிறது படம். ஆனால் பேர் இல்லாத படம் ஊமை.

சரி, இனி என்ன செய்ய வேணும்? செலவில்லாத வேலைகளைத்தான் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் உள்ள படங்களை வெளியில் எடுங்கள். பெட்டியில், அல்பத்தில், சாமிப் படத்துக்குப் பின்னால், பழைய பாஸ்போட்டுக்குள், எங்கே இருந்தாலும் எடுங்கள். வீட்டில் மூத்த ஆளை, அப்பாயியோ அம்மாயியோ, நடுவில் உட்கார வையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பென்சிலோடு பக்கத்தில் இருக்கட்டும். "இது யாரு? எந்தத் தோட்டம்? எந்த டிவிசன்? என்ன விசேசம்? எந்த வருசம்?" என்று கேட்டு எழுதட்டும். வருசம் தெரியாவிட்டால், "மூத்தவன் பொறந்த வருசம்", "பெரிய மழை பேஞ்ச வருசம்" என்றாவது எழுதுங்கள்.

இரண்டாவது, இரண்டு பேரையும் எழுதுங்கள். இது முக்கியம். எங்கள் தோட்டங்களில் வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று, செக்ரோலில் இருக்கிற பேர் ஒன்று, பிறப்புப் பத்திரத்தில் இன்னொன்று. ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகிறபோது இந்தப் பேர்க் குழப்பத்தால் எத்தனை பேர் அலைகிறார்கள் என்பது என் மேசைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். படத்துக்குப் பின்னால் எழுதியது சட்டப் பத்திரம் ஆகாது. பிறப்புப் பத்திரத்துக்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் அது பதில் இல்லை. ஆனால் எந்தத் தோட்டத்தில், எந்தக் காலத்தில், என்ன பேரில் ஒருவர் இருந்தார் என்ற நூல் நுனி அதில் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பதிவைத் தேடலாம்.

மூன்றாவது, எழுதுகிற முறை. மெதுவான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை வேண்டாம். அழுத்தினால் முகத்தில் கோடு விழும், மை ஊறும். வழுக்குகிற தாளாக இருந்தால் துண்டுக் கடதாசியில் எழுதிப் படத்தோடு கடித உறைக்குள் போட்டு வையுங்கள்.

நான்காவது, வைக்கிற இடம். லயன் சுவர் மழைக் காலத்தில் வியர்க்கும். அதில் தொங்குகிற படத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புப் புகை படுகிற இடமும் வேண்டாம், வெயில் விழுகிற இடமும் வேண்டாம். தரையில் வைத்தால் கறையான். உயரத்தில், மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். ஒட்டுகிற தாளும் மேலே பிளாஸ்ரிக்கும் வைத்த அல்பம் பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், அப்படியே கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் கழுவிய படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டினால், சுத்தமான பச்சைத் தண்ணீரில் ஊற விட்டு மெதுவாகப் பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் காய வையுங்கள். கொம்பியூட்டர் பிரிண்டரில் எடுத்த படத்தைத் தண்ணீரில் போட்டால் மை கரைந்துவிடும்.

ஐந்தாவது, பிரதி. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது, நெடுங்காலம் தாங்கும். எண்பதுகளில் எடுத்த கலர்ப் படம் சாயத்தால் ஆனது, சிவந்து வெளிறிக்கொண்டே போகும். ஆகவே கலர்ப் படத்துக்கு முதலில் பிரதி எடுங்கள். பகல் வெளிச்சத்தில், நிழலான இடத்தில் வைத்து, நேர் மேலே இருந்து கைபேசியில் எடுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. வேறு தோட்டத்தில் இருக்கிற சொந்தக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு வீட்டில் மண் விழுந்தாலும் மற்ற வீட்டில் படம் இருக்கும். ஆனால் அடுத்தவர் படத்தை, வயசுப் பிள்ளைகளின் படத்தை, கேட்காமல் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

பொது இடத்திலும் கொடுக்கலாம். யாழ்ப்பாணம் எரிந்த அனுபவத்தில் இருந்து, 2005 முதல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைப் பல தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். புத்தகம், பத்திரிகை, கல்வெட்டு எல்லாவற்றையும் பிரதி எடுத்துக் கணினியில் வைக்கிறார்கள். மலையகத்து ஆவணங்களும் அதில் இருக்கின்றன. கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய லயன் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 இல் ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை ஒரு தரம் கூட்டிக்கொண்டு போங்கள். 2023 இல் மலையகம் 200 என்று தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நடையின் படங்கள் உங்கள் கைபேசியிலும் இருக்கும். அதுவும் நாளைக்குப் பழைய படம்தான். அதற்கும் இப்பவே பேர் எழுதுங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். படம் அவசரப்படாது, பெட்டிக்குள் இருக்கும். ஆனால் அதில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய ஆள் காத்திருக்க மாட்டார். தோட்டத்தில் எண்பது வயது தாண்டியவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவர் போகும்போதும் ஒரு பெட்டிப் படம் ஊமையாகிறது. வெள்ளைக்காரன் உங்கள் பூட்டியின் பேரைக் கேட்கவில்லை. இந்த ஊர் வீடுகளில் சிலரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமல் விட்டால் பிறகு கேட்க ஆளே இல்லை.

வீட்டுக்குப் போனதும் வருகிற ஞாயிற்றுக்கிழமை இதைத் தொடங்குங்கள். எழுதுவதற்கு உதவி தேவையென்றால் என்னிடம் வாருங்கள், பென்சில் நான் தருகிறேன். காலையில் ஐந்து மணிக்கு எழும்ப வேணும், குறிகட்டுவான் துறைக்குப் போக வேணும். எல்லாரும் போய்ப் படுங்கள்.